முதல் மனநல மதிப்பீட்டில் பிள்ளையைத் தனியே வைத்துப் பேசுவது தேவையா?

ஜூன் 4, வாசகர் கேள்வி

என் மகளுக்கு 13 வயது. சில மாதங்களாக அறைக்குள்ளேயே கிடக்கிறாள், எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள். பள்ளியில் சொன்னதால் குழந்தைகள் மனநல மையத்துக்கு முதல் மதிப்பீட்டுக்காகக் கூட்டிப்போனோம். கொஞ்ச நேரம் எல்லோரையும் வைத்துப் பேசிவிட்டு எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். அவளிடம் முக்கால் மணி நேரம் தனியாகப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று முழுதாகச் சொல்லவில்லை. நான் நிரப்பிய படிவம், டீச்சர் நிரப்பியது, அவள் நிரப்பியது மூன்றும் மூன்று விதமாக இருக்கிறதாம். கடைசியில் இன்னொரு நாள் வரச் சொன்னார்கள், என்ன வியாதி என்று மட்டும் சொல்லவில்லை. 13 வயதுப் பெண்ணுக்குத் தன்னைப் பற்றி என்ன தெரியும்? பெற்றவளுக்குத் தெரியாததா? இது நேர விரயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜூன் 4, இரவு

பிள்ளைகளுக்கும் இளம் வயதினருக்கும் முதல் மதிப்பீடு செய்வதுதான் என் வேலை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த முக்கால் மணி நேரம் எவ்வளவு நீளம் என்று தெரியும். ஆனாலும் அந்த மையம் செய்தது சரி என்றே சொல்வேன்.

முதலில் படிவங்கள். மூன்றும் மூன்று விதமாக வந்ததால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. 1987இல் தாமஸ் ஆக்கன்பாக் என்ற உளவியலாளரின் குழுவினர் 119 ஆய்வுகளைத் திரட்டி இதைத்தான் பார்த்தார்கள். அம்மாவும் அப்பாவும், அல்லது இரண்டு டீச்சர்கள், ஒரே பிள்ளையைப் பற்றிச் சொல்வது ஓரளவு ஒத்துப்போகிறது. முழுப் பொருத்தத்துக்கு 1 என்று வைத்தால் அது 0.6. வீட்டில் பார்ப்பவரையும் பள்ளியில் பார்ப்பவரையும் ஒப்பிட்டால் 0.28க்கு இறங்கிவிடுகிறது. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் பெரியவர்கள் சொல்வதற்கும் வெறும் 0.22. ஆக, உங்கள் வீட்டில் நடந்தது உலகம் முழுக்க நடப்பதுதான்.

பெற்றவளுக்குத் தெரிந்தது நிறைய. எப்போது தொடங்கியது, அதற்கு முன் எப்படி இருந்தாள், குழந்தையாக இருந்தபோது எப்போது பேசினாள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, இதையெல்லாம் உங்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. சண்டை, பொய், பள்ளிக்குப் போக மறுப்பது போல வெளியே தெரிகிற விஷயங்களையும் பெரியவர்கள்தான் தெளிவாகச் சொல்கிறார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது மனதில் என்ன ஓடுகிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கிலாந்தின் ஒயிட் தீவில் 1964, 65 ஆண்டுகளில் மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரின் குழுவினர் 10, 11 வயதுப் பிள்ளைகளை ஊர் முழுக்க ஆய்வு செய்தார்கள். அதே தலைமுறைப் பிள்ளைகள் 14, 15 வயதுக்கு வந்தபோது மறுபடி சந்தித்தார்கள். நேரடியாகக் கேட்டபோது பலர் தங்களுக்குள் இருந்த துயரத்தைச் சொன்னார்கள். அவர்களுடைய பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் அதில் பெரும்பகுதி தெரிந்திருக்கவே இல்லை. பிள்ளையையே உட்கார வைத்துக் கேட்கும் வழக்கம் இந்தத் துறையில் உறுதிப்பட்டதற்கு அந்தக் குழுவின் வேலை ஒரு பெரிய காரணம்.

ஜூன் 5

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். "எரிந்து விழுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மதிப்பீட்டிலும் அப்படியே சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெரியவர்களின் மனச்சோர்வில் சோகம்தான் முன்னால் நிற்கும். பிள்ளைகள், பதின்ம வயதினர் விஷயத்தில் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலே முதன்மை அறிகுறியாக இருக்கலாம் என்று மனநலப் பிரச்சினைகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம் என்ற அமெரிக்கக் கையேடே சொல்கிறது. "இவளுக்கென்ன சோகம், எப்போதும் கோபம்தான்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே மாதங்கள் ஓடிவிடும்.

உங்கள் மகளுக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. பார்க்காத பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது.

ஜூன் 5, மாலை

"அந்த முக்கால் மணி நேரத்தில் அப்படி என்னதான் கேட்பார்கள்" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பதின்ம வயதினரிடம் பேச ஒரு வரிசை உண்டு. தலைப்புகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஹெட்ஸ் என்பார்கள். கோல்டன்ரிங், கோஹன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1988இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலானது. வீடு, படிப்பு, பொழுதுபோக்கு, போதைப் பொருள், காதலும் பாலுறவும், தற்கொலை எண்ணம் என்று போகும். பின்னாளில் உணவுப் பழக்கத்தையும் பாதுகாப்பையும் சேர்த்தார்கள். எளிதாகப் பதில் சொல்லக்கூடியது முதலில், கனமானது கடைசியில். "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்" என்று தொடங்கும் பேச்சு அரை மணி நேரம் கழித்து "யாராவது உன்னை உனக்குப் பிடிக்காதபடி தொட்டிருக்கிறார்களா" என்ற இடத்துக்கு வரும். அம்மா பக்கத்தில் இருந்தால் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் தலையசைப்புதான் பதில்.

கேள்விகளுக்கு முன்னால் ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை அவசரப்படாமல் சொல்வேன்: "நீ சொல்வதை நான் போய் ஒப்பிக்க மாட்டேன். ஆனால் உன் உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்கு ஆபத்து, யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் நான் சும்மா இருக்க முடியாது. அப்போதும் யாரிடம், எப்படிச் சொல்லலாம் என்று முதலில் உன்னோடுதான் பேசுவேன்." இதைப் பெற்றோர் அறையில் இருக்கும்போதே சொல்லிவிடுவது என் பழக்கம். பிற்பாடு "ஏன் என்னிடம் சொல்லவில்லை" என்ற கேள்வி வரும்போது, என்ன பேசிக்கொண்டோம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

சின்னப் பிள்ளைகளோடு வேறு மாதிரி. தரையில் உட்கார்ந்து வரைவோம், பொம்மை வைத்து விளையாடுவோம். "மூன்று ஆசை நிறைவேறும் என்றால் என்ன கேட்பாய்" என்பது இந்தத் துறையில் பழைய கேள்வி. ஒரு சிறுவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான்: "முதல் ஆசை, இந்தக் கேள்வியை இனிமேல் யாரும் என்னிடம் கேட்கக் கூடாது." இருவரும் சிரித்தோம். அதற்கு முன் அவனை எத்தனை பேர் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்கள் என்பதும் அந்தப் பதிலிலேயே இருந்தது.

ஜூன் 7

ஒருவர் இணையத்தில் வந்த கேள்வித்தாளைத் தன் மகனுக்குப் போட்டுப் பார்த்து, "ஸ்கோர் அதிகமாக வந்திருக்கிறது, அப்படியானால் மனச்சோர்வுதானே" என்று கேட்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பிள்ளைகளில் 10 பேருக்கு அந்தப் பிரச்சினை உண்மையாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரச்சினை உள்ளவர்களில் 80 சதவீதம் பேரை அந்தப் படிவம் சரியாகப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்றும் வைப்போம். இது மோசமான படிவம் இல்லை. பத்தில் எட்டுப் பேரைப் பிடித்துவிடும். மீதி 90 பேரில் 18 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். மொத்தம் 26 பேருக்கு ஸ்கோர் அதிகமாக வரும், உண்மையில் பிரச்சினை உள்ளவர்கள் எட்டு. இன்னும் இரண்டு பேர் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள், அவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை.

படிவம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. தினமும் பயன்படுத்துகிறேன். அதில் வரும் எண்ணை வைத்துப் பேச்சைத் தொடங்கலாம், முடிக்க முடியாது.

ஜூன் 7, கொஞ்சம் கழித்து

படிவம் என்றதும் ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் எஸ்டிக்யூ என்ற படிவம் பலருக்கும் வந்திருக்கும். ராபர்ட் குட்மன் என்ற மனநல மருத்துவர் 1997இல் வெளியிட்டது. 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் பொய், ஓரளவு உண்மை, நிச்சயம் உண்மை என்று மூன்று கட்டங்கள். பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, 11 வயதிலிருந்து பிள்ளைக்கே ஒன்று. உணர்ச்சி, நடத்தை, துறுதுறுப்பு, நட்பு ஆகிய நான்கு பகுதிகளைக் கூட்டி 40க்கு ஒரு எண் வரும். ஐந்தாவது பகுதி மற்றவர்களிடம் பரிவாக நடப்பது பற்றி. அதை அந்தக் கூட்டலில் சேர்ப்பதில்லை.

இந்தப் பெண்ணின் மொத்த எண் சாதாரண அளவில்தான் இருந்தது. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் படிவத்தை மடித்து வைத்திருப்பேன். பென்சிலில் நிரப்பியிருந்தாள். நல்ல நண்பர் ஒருவராவது உண்டு என்கிற வரியில் மட்டும் காகிதம் மங்கிப் போயிருந்தது. முதலில் "பொய்" என்று குறித்து, அழித்து, "ஓரளவு" போட்டு, அதையும் அழித்து, "நிச்சயம் உண்மை" என்று அழுத்திக் குறித்திருந்தாள். ரப்பர் தேய்த்த தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த வரியில் விரலை வைத்து, "இதற்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்ததா?" என்று மட்டும் கேட்டேன். மீதி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினாள்.

அதிலிருந்து, முடிந்தவரை காகிதத்திலேயே நிரப்பித் தரச் சொல்கிறேன். கணினியில் நிரப்பினால் கூட்டல் சரியாக வரும், அழித்த தடம் வராது.

ஜூன் 9

ஓர் அப்பா தனிச் செய்தியில் கேட்டதை அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். அவர் மகனிடம் "சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டார்களாம். "இல்லாத யோசனையை அவர்களே கொடுத்த மாதிரி ஆகாதா" என்பது அவர் பயம்.

பிள்ளைக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையே வரக் கூடாது என்று எந்த அப்பாவுக்கும் தோன்றும். ஆனால் இதை ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 2,000க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களுக்கு அந்த எண்ணமோ மன வேதனையோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வோடு இருந்தவர்கள், கேட்கப்படாதவர்களைவிடக் கொஞ்சம் குறைவான வேதனையையே சொன்னார்கள்.

கேட்கிற விதம் முக்கியம். "அந்த மாதிரி எதுவும் இல்லைதானே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நாமே கையில் கொடுத்துவிடுகிறோம். நேராகக் கேட்க வேண்டும், குரலில் பதற்றம் இல்லாமல். சாதாரணமாக வரும் பிள்ளை, தூக்கம் சரியில்லை என்று மட்டும் வரும் பிள்ளை, எல்லோரிடமும் கேட்க வேண்டும். ஆமாம் என்று சொன்னால் எப்போது, எவ்வளவு அடிக்கடி, எப்படி என்று யோசித்தாயா, முன்பு முயன்றதுண்டா, உன்னைத் தடுத்து நிறுத்துவது எது என்று தொடர்ந்து கேட்போம். அந்தக் கடைசிக் கேள்வியை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விடவே கூடாது.

அப்புறம் அன்றைக்கே ஒரு திட்டம் எழுதுவோம். மனம் கீழே போவதற்கு என்ன அடையாளம், அப்போது தானாகச் செய்யக்கூடியது என்ன, யாரைக் கூப்பிடலாம், யாரும் கிடைக்காவிட்டால் எங்கே போவது. அதைப் பிள்ளையின் சொற்களிலேயே எழுத வேண்டும். வீட்டில் உள்ள மாத்திரைகளையும் மற்ற ஆபத்தான பொருள்களையும் எட்டாதபடி பூட்டி வைப்பது பெற்றோரின் பங்கு. கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் இந்த ஒரு காரியம் உண்மையில் உயிரைக் காக்கிறது. சாக வேண்டும் என்கிற வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்துக்குத்தான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கைக்கு எதுவும் கிடைக்காமல் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது இப்போதே அப்படி ஒரு நிலை இருந்தால் மதிப்பீட்டுத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். பிள்ளையைத் தனியே விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

ஜூன் 10

17 வயதுத் தம்பி ஒருவர் கேட்டதற்கு: தனியாகப் போகலாமா, எந்த வயதிலிருந்து பெற்றோர் ஒப்புதல் வேண்டாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். போன் செய்து கேள், பெயர் சொல்லாமலே கேட்கலாம். முதல் சந்திப்பில் நீயே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நான் சொல்வதில் எது வெளியே போகும்?" பதில் தெளிவாக வரும்வரை மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. பேச வாய் வராது என்றால் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டிவிடு. நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஜூன் 12

பள்ளியில் "கவனமே இல்லை, ஏடிஹெச்டியாக இருக்கும், எழுதி வாங்கி வாருங்கள்" என்று சொன்னதாக ஒருவர். ஏடிஹெச்டி என்பது கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த பிரச்சினை. அதை ஒரு மணி நேரச் சந்திப்பில் எழுதித் தர முடியாது. டிஎஸ்எம் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, 2013இல் வந்த டிஎஸ்எம்-5, கேட்பது இது: கவனக் குறைவுப் பட்டியலில் உள்ள ஒன்பதில், அல்லது துறுதுறுப்புப் பட்டியலில் உள்ள ஒன்பதில், குறைந்தது ஆறு அறிகுறிகள், 17 வயதோ அதற்கு மேலோ என்றால் ஐந்து. ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். 2013க்கு முன் இது 7 வயதாக இருந்தது. வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும், அதுவும் ஒரே டீச்சர் வகுப்பில் மட்டும் என்றால் அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

உடம்பையும் பார்க்க வேண்டும். காது சரியாகக் கேட்கிறதா, பலகை தெரிகிறதா, ரத்த சோகை, தைராய்டு, ராத்திரி குறட்டை விட்டு மூச்சுத் திணறித் தூங்குகிறதா. கவனக் குறைவு என்று அனுப்பப்பட்ட ஒரு சிறுமி என் எதிரே வண்ணம் தீட்டிக்கொண்டே தன் பூனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாக்கியத்தின் நடுவில் நின்றாள். பென்சில் காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. இமை மட்டும் லேசாகத் துடித்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், காதில் விழவில்லை. சில விநாடிகளில் பென்சில் மறுபடி நகர்ந்தது, பேச்சும் தொடர்ந்தது. இடையில் ஒன்று நடந்ததே அவளுக்குத் தெரியவில்லை. நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினோம். ஈஈஜி என்ற மூளை மின்னலைப் பரிசோதனையில், சில விநாடிகள் நினைவு தவறும் ஆப்சன்ஸ் வகை வலிப்பு என்று உறுதியானது. வகுப்பில் அதைக் "கனவு காண்கிறாள்" என்று சொல்லி வந்திருக்கிறார்கள்.

கேள்விகளைவிடச் சும்மா உட்கார்ந்து பார்த்த நேரம்தான் அன்று பயன்பட்டது.

ஜூன் 15

இழையை மேலிருந்து படித்துப் பார்த்தேன். தனியே பேச வேண்டும் என்பதைக் கொஞ்சம் அடித்துச் சொன்ன மாதிரி இருக்கிறது. அதற்கு ஓர் எல்லை போட வேண்டும்.

ஐந்து வயதுப் பிள்ளை அம்மாவின் மடியை விட்டு இறங்கவில்லை என்றால் இறக்கிவிடக் கூடாது. மடியில் இருக்கும்போது எப்படி இருக்கிறது என்பதையும் நான் பார்க்கத்தானே வேண்டும். வீட்டில் வாயாடி, வெளியே ஒரு வார்த்தை வராது என்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களைத் தனியே உட்கார வைத்து "பேசு பேசு" என்றால் பதற்றம்தான் கூடும். முதல் நாள் வேண்டாம் என்று சொல்கிற பதின்ம வயதினருக்கும் அதே விதி. கேட்டுப் பார்க்க வேண்டும், மறுத்தால் விட வேண்டும், அடுத்த முறை மறுபடி கேட்க வேண்டும்.

இன்னொன்று. வேறு மொழி பேசும் குடும்பம் என்றால் பிள்ளையையோ அண்ணன் அக்காவையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தான் சாக நினைத்ததைத் தன் வாயாலேயே அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய நிலைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை சந்திப்பைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை.

ஜூன் 21

கேள்வி கேட்ட அம்மா பதில் எழுதியிருக்கிறார்: "இரண்டாவது தடவை போய்விட்டு வந்தோம். கடைசி இருபது நிமிடம் எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். தோழிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து அவளை ஒதுக்கிவிட்டார்களாம். போனில் தினமும் ஏதாவது எழுதுகிறார்களாம். அதை எங்களிடம் சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவோம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். அவளே சொன்னாள், டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மனச்சோர்வு லேசாக இருக்கிறது என்றார்கள். கடிதம் அனுப்புவார்களாம். அதில் என்ன பார்க்க வேண்டும்?"

அவள் வாயாலேயே சொல்லும்படி விட்டுக்கொடுத்த அந்த டாக்டரை எனக்குப் பிடித்துவிட்டது. போனைப் பிடுங்க மாட்டோம் என்று அவளிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். வந்த செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள், பள்ளியிடம் பேசும்போது தேவைப்படும்.

ஜூன் 22

கடிதம் பற்றி. வியாதியின் பெயர் ஒரு வரி. அதைத் தாண்டிக் கடிதத்தில் இருக்க வேண்டியவை: இப்போது என்ன பிரச்சினை, முன்பே இருந்த பலவீனம் என்ன, எது தூண்டியது, எது நீடிக்க வைக்கிறது, எது அவளைத் தாங்குகிறது. இந்த ஐந்தும் ஒரு கதையாகக் கோத்து எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மகள் விஷயத்தில் தூண்டியது தோழிகள் ஒதுக்கியது என்றால், நீடிக்க வைப்பதில் ராத்திரித் தூக்கம் போனதும் வீட்டில் சொல்ல முடியாத பயமும் இருக்கலாம். சிகிச்சைத் திட்டம் அந்தப் பகுதிக்கு ஏதாவது சொல்கிறதா? ஐந்தாவதைக் காலியாக விட்டிருந்தால் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது முறையும் உள்ளே போய் உட்கார்ந்தாளே, அதுவே அங்கே எழுதத் தக்கதுதான்.

பிறகு, அடுத்து யார் என்ன செய்வார்கள், எத்தனை வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள், நடுவில் மோசமானால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது. இந்த மூன்றும் கடிதத்தில் இல்லை என்றால் போன் செய்து கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

கடிதம் வந்ததும் மகளும் படிக்கட்டும். தன்னைப் பற்றித் தவறாக எழுதியிருக்கிறது என்று அவள் காட்டும் வரியைத் திருத்தித் தரும்படி மையத்திடம் கேட்கலாம். பள்ளிக்கு முழுக் கடிதமும் போக வேண்டியதில்லை. எந்தப் பகுதியை அனுப்பலாம் என்று அவளிடம் கேட்டு, அதை மட்டும் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.